கண்ணுக்குத் தெரியாத வேலை

பழைய காரில் பாட்டு வைக்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு, டாஷ்போர்டை வெட்டுவது. அத்தனை வருஷம் கீறல் படாமல் இருந்த தகட்டில் ரம்பத்தை ஓட்டி, நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியைச் செருகிவிடுவார்கள். தாத்தாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதற்கும் கைதட்ட ஆள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை சார். நான் வேலை பார்த்த காரில் ஏறி உட்கார்ந்தால் எதுவும் மாறினதாகவே தெரியாது. பழைய ரேடியோவின் குமிழைத் திருப்பினால் பாட்டு வரும். எங்கிருந்து வருகிறது என்று தேடுவீர்கள். கிடைக்காது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்கள். காரைப் பிரித்துப் பார்த்த உங்கள் போலீஸ் நிபுணர் பத்திரிகைக்காரர்களிடம் "கவனக்குறைவான ஒயரிங் வேலை" என்று சொல்லியிருக்கிறார். படித்தேன். அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். மற்றபடி அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

கார் என் அத்தானுடையது. அக்காவின் கணவர், டைல்ஸ் கடை வைத்திருந்தார். ஒரு குடோன் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் காரைக் கண்டுபிடித்தவன் நான். வாங்கியவர் அவர். உலகத்தில் வேலை இப்படித்தான் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. வாங்கி என்ன செய்தார் தெரியுமா? ஓட்டவில்லை. கீறல் விழுந்துவிடுமாம். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் பொம்மைக் காரில் உட்காருகிற மாதிரி. ஆனால் குழந்தைகள் வாயாலாவது சத்தம் எழுப்பும்.

என்னை அவர் "ஒயர்" என்றுதான் கூப்பிடுவார். "இவன் நம்ம ஒயர். வீட்டம்மாவோட தம்பி. கைவேலை நல்லாச் செய்வான், என்ன செய்யணும்னுதான் நாம சொல்லிக் குடுக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அறிமுகப்படுத்துவார். நான் சிரித்துக்கொள்வேன். கோபம் வந்ததில்லை. ஒருவர் மேல் கோபப்பட வேண்டுமென்றால் அவர் கொஞ்சமாவது உயரத்தில் இருக்க வேண்டும்.

ஒருநாள் என் கடைக்கு வந்தார். "ஒயர், காருல பாட்டு வேணும்டா. ஆனா பாட்டு வச்சிருக்கிறது ஒருத்தன் கண்ணுக்கும் படக் கூடாது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து ஒப்பித்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

செய்தேன். ரேடியோவின் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் அப்படியே வைத்தேன். குமிழ் பழைய கனத்தோடு சுற்றும்படி ஏற்பாடு செய்தேன். கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அசல் துணியின் நிறத்துக்கே சாயம் தோய்த்த துணிக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர். சீட்டுக்கு அடியில் கனத்த ஒலிக்கு ஒன்று. ஆம்ப்ளிஃபயர், டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டிக்குப் பின்னால். பாட்டு செல்போனிலிருந்து வரும். வெளிச்சத்தம் நுழையாமல் இருக்க நான்கு கதவுக்கும் ரப்பர் பீடிங்கைப் புதிதாக மாற்றினேன். கதவைச் சாத்தினால் தண்ணீருக்குள் தலையை விட்ட மாதிரி காது அடைத்துக்கொள்ளும். இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒயர் வருவதற்கு ஒரே ஒரு துளை. இஞ்சின் பக்கத்துக் காற்று உள்ளே வராமல் துளையை அடைக்க ரப்பர் வளையம். அந்த வளையத்தை நானே செதுக்கினேன்.

வளையம் இருந்தது சார். அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். பழைய கார் வைத்திருக்கிறவர்கள், ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுப்பதற்காகவே கூடுகிறவர்கள். அத்தான் குமிழைக் கடைசிவரை திருப்பினார். அவருக்குக் காது இருந்தது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான். வந்தவர்கள் குனிந்து, நிமிர்ந்து, சீட்டுக்குப் பின்னால் பார்த்து, ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டார்கள். அத்தான் என் தோளில் கையைப் போட்டார்.

"அதான் எனக்கும் புரியல. இத்தனை நாளு வண்டிய வச்சுக்கிட்டு இருந்தே, ஒண்ணையும் காணோமேடா ஒயர்? வேலை பாத்தியா, இல்ல உள்ள படுத்துத் தூங்கினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. அக்கா வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள். ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் அழுதபோது திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுத்தவள். அவளும் சிரித்தாள். ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "சின்ன வேலை பாக்கி இருக்கு" என்றேன். அத்தான் கடையில் இருந்தார். அக்கா ஷெட்டைத் திறந்துவிட்டு டீ கொண்டுவந்தாள்.

"அவரு சொன்னத மனசுல வச்சுக்காதடா."

"நான் எதையும் மனசுல வச்சுக்கிறதில்லக்கா."

அவள் ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "அவருக்குக் காது போயிக்கிட்டு இருக்கு. வெளிய சொல்ல வெக்கம். நம்ம வீட்டு டிவி கூடக் கேக்கல அவருக்கு. இந்தக் காருக்குள்ளதான் பாட்டு தனித்தனியாக் கேக்குதாம். உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு ராத்திரி சொல்லிக்கிட்டிருந்தாரு."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான், உடைந்ததை ஒட்டவைக்கிறேன் என்று பசையை எல்லா இடத்திலும் ஈஷிவிடுவாள். அப்படியே உண்மையாக இருந்தாலும் என்ன? நான்கு பேர் முன்னால் தூங்கினாயா என்று கேட்டுவிட்டு, படுக்கையறையில் தங்கக் காப்பு போடுகிற மனுஷன். அந்தப் புகழை வைத்து நான் என்ன செய்ய?

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு, ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காருக்கு அடியில் படுத்து, இஞ்சினை ஒட்டிய இடத்தில் புகைக்குழாயின் ஒரு பிடியைத் தளர்த்தினேன். உங்கள் நிபுணர் துரு என்று எழுதியிருப்பது அதைத்தான். துருப்பிடித்த பிடி எப்படி நெகிழும், ஸ்பானர் எப்படி நெகிழ்த்தும் என்ற வித்தியாசம் கூடத் தெரியாத ஆளுக்கு நிபுணர் என்று பெயர்.

சாயங்காலம் அத்தானுக்குப் போன் செய்தேன். "பேட்டரி பழசு அத்தான். இஞ்சின் ஓடலன்னா சார்ஜ் இறங்கிடும். கேக்கும்போது ஸ்டார்ட் பண்ணியே வச்சுக்குங்க. ஷட்டர இறக்கிக்கிட்டா அக்கம்பக்கத்துல சத்தம்னு சொல்ல மாட்டாங்க."

"இப்பதாண்டா ஒயர், உருப்படியா ஒரு யோசனை சொல்லியிருக்கே" என்றார்.

அவ்வளவுதான் நான் செய்தது. சாவியைத் திருப்பியது அவர். ஷட்டரை இறக்கியது அவர். குமிழைக் கடைசிவரை திருப்பியது அவர். வலி ஏதும் இருந்திருக்காது என்று உங்கள் டாக்டரே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஷட்டரைத் தட்டியபோதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம், ஒரு பிசிறு இல்லாமல். அதை அவர் சொன்னபோது, சொல்லக் கூடாதுதான், எனக்குத் திருப்தியாக இருந்தது.

அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவளும் அன்று காருக்குள்ளே இருந்தது துரதிர்ஷ்டம். அதற்கு நான் பொறுப்பில்லை. சாவு வீட்டில் எல்லோரிடமும் இதையேதான் சொன்னேன். அவளுக்குப் பாட்டு என்றாலே ஆகாது, அவள் போய் அங்கே உட்காருவாள் என்று யார் நினைப்பார்கள்? அழுதேன். அது நடிப்பில்லை. அவள் சிரித்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் அழுதேன்.

நீங்கள் இன்னும் பேனாவை மூடவில்லை. சரி. டீ டம்ளரை வாங்கிக்கொண்டு போகும்போது அவள் வாசலில் திரும்பி நின்று, "மத்தியானம் அவரு தனியா உக்காந்திருப்பாரேன்னு நானும் பக்கத்துல போயி உக்காந்துக்குவேன்டா" என்றாள். கேட்டேன். காதில் விழுந்தது.

இந்த வேலையில் கடைசியாக ஒன்று உண்டு. கேட்கிறவர் எங்கே உட்காருவாரோ அந்த இடத்துக்கு ஒலியைப் பொருத்த வேண்டும். ஒரே ஆள் என்றால் ஓட்டுகிறவர் சீட்டுக்கு. முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். அன்று கிளம்புவதற்கு முன்னால் அதை மாற்றினேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கேட்கும்படி வைத்துவிட்டு வந்தேன்.