கைக்குட்டை மடிப்பு

மைக்கறை பட்டால் பாலை ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள், மேடம். கேட்காதீர்கள். பாலும் வீண், துணியும் வீண். உங்கள் துணிப்பை ஓரத்தில் இருப்பது ஜெல் பேனா மை. கொஞ்சம் ஸ்பிரிட், ஒரு பழைய துண்டு, அஞ்சு நிமிஷ வேலை. நீங்கள் எழுதி முடிப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். காசெல்லாம் வேண்டாம்.

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், கால் ஆடும். போன வாரம் ஒரு பெரிய மனிதர் அதில் உட்கார்ந்து, சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வந்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போனார். இந்த ஸ்டூல் பரவாயில்லை. மெஷின் சத்தம் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

தேர்வு வாரியத்திலிருந்து நீங்கள் எதிர்வீட்டுப் பெண் விஷயமாகத்தான் வந்திருக்கிறீர்கள். நுழைவுத் தேர்வு ஹாலில் என் மகள் பாக்கெட்டில் பிட்டு வைத்து மாட்டிவிட்டது அவள்தானா என்று விசாரிக்க. அவள் வைக்கவில்லை. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், அந்த சீட்டே போய்விடும் என்கிறார்கள். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பு கெடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

வைத்தது நான்.

பேனாவைக் கீழே வைக்காதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு நேராக இந்தக் கடைக்குத்தான் வருவாள். இதோ இந்த மேஜை மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அன்றைக்கு நடந்தது அத்தனையையும் ஒலிபரப்புவாள். பிசிக்ஸ் சார் எப்படித் தும்முவார், தும்மினால் எந்தப் பெஞ்சு வரைக்கும் சாரல் அடிக்கும், எல்லாம் நடித்துக் காட்டுவாள். துணி வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் நின்று கேட்பார்கள். என் மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதால் வீட்டுக்கென்று அவளிடம் வார்த்தை மிச்சமிருக்காது. 'சாப்டாச்சா', 'லைட்ட அணை'. குறை சொல்லவில்லை. நல்லவள். ஆனால் எனக்குப் பேச்சு வேண்டும், மேடம். மெஷினோடு எவ்வளவுதான் பேசுவது?

எதிர்வீட்டுப் பெண்ணை நாங்கள் நெட்டை என்போம். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. மெடிக்கல் நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் சேர்ந்ததும் சேர்ந்துதான். அந்த கோச்சிங் சென்டரில் சனிக்கிழமைதோறும் டெஸ்ட் வைத்து, யார் எத்தனையாவது என்று வாசல் சுவரிலேயே ஒட்டிவிடுவார்கள். தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று படிப்பான். எங்கள் ரேடியோ நாலாவது இடத்தில் இருந்தாள். அப்புறம் பத்தொன்பது. அப்புறம் முப்பத்தொன்று. கடைக்கு வருகிறவர்கள் துணியைப் போடும்போதே, "டாக்டரம்மா என்ன, கொஞ்சம் பின்னாடி போயிட்டாங்க போல?" என்பார்கள். அதில் என் தப்பும் உண்டு. டாக்டரம்மா என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான்தான்.

பயம் வந்தால் சில பிள்ளைகள் நகத்தைக் கடிக்கும். இவள் சட்டைக் காலரைக் கடித்தாள். சலவைக்கு வரும் யூனிஃபார்மில் வலது காலர் முனை நார் நாராக வரும். ரெண்டு தடவை காலர் மாற்றித் தைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மேஜை மேல் ஏறி உட்காருவதும் நின்றுபோனது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் ஸ்கர்ட் பாக்கெட்டில் அந்தப் பிட்டு கிடைத்தது. பாக்கெட்டைப் பார்க்காமல் நான் எதையும் தண்ணீரில் போடுவதில்லை. இந்தத் தொழிலில் பாக்கெட்டிலிருந்து வராதது கிடையாது. பல்செட் வந்திருக்கிறது. ஒரு தடவை கல்யாண மோதிரம், அதுவும் தப்பான வீட்டுச் சட்டையில். பிட்டு என்ன பெரிய விஷயம்? விரல் அகலக் காகிதம், விசிறி மாதிரி மடித்து, நீல மையில் கெமிஸ்ட்ரி முழுக்க. எறும்பு வரிசை போனது போல அவ்வளவு பொடி எழுத்து, ஆனால் ஒரு எழுத்தும் இன்னொன்றில் இடிக்கவில்லை. என்ன அழகு தெரியுமா? அதற்காகவேதான் எடுத்து பட்டன் டப்பாவில் போட்டேன்.

சாயங்காலம் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா, என் ஸ்கர்ட்ட துவைக்கப் போட்டுட்டியா?"

"மெஷின்ல சுத்திக்கிட்டு இருக்கு. ஏம்மா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எல்லாம் கொட்டினாள். "ரெண்டு எழுதினேம்ப்பா. என் கையெழுத்துதான் பொடிசா இருக்கும்னு அவளுக்கும் நானே எழுதிக் குடுத்தேன். ஆனா காலைலேர்ந்து அதையே நெனச்சு படிக்கவே ஓடல. எனக்கு வேணாம்ப்பா. வர்ற மார்க் வரட்டும். அவ கிட்டயும் சொல்லிட்டேன், கிழிச்சுப் போட்டுடுறேன்னா."

யாரோ ஒரு புண்ணியவானின் மளிகை லிஸ்ட் அன்றைக்குத் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. பேன்ட்டின் உள்பாக்கெட்டில் இருந்ததால் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இந்தா உன் கெமிஸ்ட்ரி. வேணும்னா கரைச்சுக் குடி" என்றேன். எத்தனையோ வாரம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். கூழைக் கால்வாயில் வீசிவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நேர்மையான பிள்ளை, மேடம். ஆசை காட்டினாலும் வேண்டாமென்று தள்ளிவிட்டு வருகிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது என் மனதில் வேறு ஒன்றுமே கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

பாரம் இறங்கிவிட்டதா, நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். கடைசி சனிக்கிழமை டெஸ்டில் இரண்டாவது இடம். ரேடியோ திரும்பப் பாட ஆரம்பித்துவிட்டது. இந்த மேஜை மேல் உட்கார்ந்து ஹாஸ்டல் பற்றியே பேச்சு. ரயிலில் ஒன்பது மணி நேரமாம். ஒரு அறைக்கு மூன்று பேராம். "அப்பா, அங்க மெஷின் இருக்காதாம். கையால எப்படித் துவைக்கணும், சொல்லிக் குடு" என்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். வெள்ளையைத் தனியாக ஊறப் போடு, கலரை நிழலில் காயப் போடு என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மூன்றாவது பக்கம் திருப்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் நிஜமாகவே போகப் போகிறாள். அஞ்சரை வருஷம். அதற்கு மேல் மேல்படிப்பு, கல்யாணம், அவள் பாட்டுக்கு ஒரு ஊர். இங்கே நானும் 'லைட்ட அணை'யும்.

நான் கோபப்படவில்லை. குடித்துவிட்டுச் செய்ததாகவோ, புத்தி தடுமாறிச் செய்ததாகவோ எழுத வேண்டாம். நன்றாக யோசித்து, பல் தேய்த்து, முகம் கழுவிக்கொண்டு செய்ததுதான்.

தேர்வு நாள் காலையில் எப்போதும் போல அவள் உடுப்பை இஸ்திரி போட்டேன். நீலக் கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை ஒன்று. அதை விரித்து, நடுவில் பட்டன் டப்பாவிலிருந்த பிட்டை வைத்து, எட்டாக மடித்து, மேலே ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே காகிதம் இருப்பது தொட்டாலும் தெரியாது. ஸ்கர்ட்டின் இடது பாக்கெட்டில் வைத்தேன். அவள் கைக்குட்டையைப் பிரிக்க மாட்டாள். மடித்தபடியே முகத்தை ஒற்றிக்கொண்டு திரும்ப வைத்துவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக அவள் கைக்குட்டையைத் துவைக்கிறேன், மடிப்பு கலையாமல்தான் வரும். அதனால் இதில் குருட்டு அதிர்ஷ்டமென்று ஒன்றும் இல்லை.

நெட்டையும் அவளும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். நான் கையாட்டினேன். திரும்பி வந்து இரண்டு கோட்டு முடித்தேன். அப்புறம் பக்கத்து மருந்துக் கடையில் போனை வாங்கி, தேர்வு மையத்துக்குப் பேசினேன். ஹால் டிக்கெட் எண்ணைச் சொல்லி, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். எண் மனப்பாடம். டிக்கெட் கசங்காமல் இருக்கட்டுமென்று லேமினேஷன் போட்டுக் கொடுத்ததே நான்தானே.

மூன்று வருஷம் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம்தான் இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் கொஞ்சம் கறார் ஆட்கள்.

பாவம், அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அந்த ஹால் டிக்கெட்டை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கவுண்டரை மூடிவிட்டு ஓடி வந்தாள். "உன் எழுத்துதானேடி இது? சொல்லு, உன் எழுத்துதானே?" அவ்வளவுதான் கேட்டாள். எழுத்து இவளுடையதுதானே, என்ன சொல்வாள்? அன்றோடு அம்மாவும் பெண்ணும் பேச்சை விட்டார்கள். கொஞ்ச நாளில் மனைவி வேறு டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறாள். தெருவிலும் யாரும் நம்பவில்லை. கோச்சிங் சென்டரில் சுவரிலிருந்த அவள் போட்டோவைக் கிழித்தார்கள்.

நெட்டைதான் வைத்திருப்பாள் என்று நான் சொல்லவே இல்லை, மேடம். இவளாகவே கண்டுபிடித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. எழுதியது இரண்டு, ஒன்று கூழாகப் போனதைக் கண்ணால் பார்த்தாள், மீதி ஒன்று யாரிடம் இருந்தது? பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தது யார்? நெட்டை வந்து வாசலில் நின்று, "நான் எரிச்சுட்டேன்டி, சத்தியமா எரிச்சுட்டேன்" என்று அழுதாள். கிழிப்பதாகச் சொன்னவள் எரித்தேன் என்கிறாளே என்று இவளுக்கு அதுவும் சந்தேகம். கதவைத் திறக்கவில்லை. நான்தான் வெளியே போய் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, நல்லா படிம்மா என்று அனுப்பி வைத்தேன்.

அதற்கப்புறம் இந்த இரண்டு வருஷம் இருக்கிறதே, சொன்னால் கண் படும். அவளுக்கென்று அந்த ஜன்னல் ஓரம் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தேன். பில் எழுதுவது, பட்டன் தைப்பது எல்லாம் அவள்தான். மத்தியானம் கேரம் ஆடுவோம். நான் ஜோக் சொன்னால் சிரிப்பாள், முன்பு மாதிரி நடுவில் புகுந்து முடிவைச் சொல்லிவிடுவதில்லை. பேச்சு குறைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது நான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள். வாசல் பக்கம் போக மாட்டாள், பின்பக்கச் சந்து வழியாகத்தான் வருவாள் போவாள். காலர் கடிப்பது மட்டும் திரும்ப வந்திருக்கிறது. மாற்றித் தைத்துவிடுகிறேன், நமக்கென்ன துணிக்குப் பஞ்சமா?

ஒருநாள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, ஒருவேளை நாந்தான் வெச்சிருப்பேனோ? பயத்துல வெச்சுட்டு மறந்து போயிருப்பேனோ? எல்லாரும் சொல்றாங்களே."

"இல்லம்மா. நீ வெக்கல."

"எப்படிப்பா இவ்ளோ உறுதியா சொல்ற?"

"எனக்குத் தெரியும்."

ஊசியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "நீ இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேம்ப்பா" என்றாள். மேடம், எனக்கு அவள் பிறந்த அன்றைக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

இந்தப் புகாரை என்னிடம் சொல்லாமல்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் வருத்தம்தான். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாமென்று சொல்லியிருப்பேன், அந்த நெட்டைப் பெண்ணுக்கும் இந்த அலைச்சல் இருந்திருக்காது. அடுத்த வருஷம் தடை முடிகிறது, திரும்ப எழுதப் போகிறேன் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுதட்டும். உடுப்பை நான் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன்.

என்ன மேடம், பேனா மூடியை மூடிவிட்டீர்கள்? சரி, நான் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அவள் நூல் வாங்கப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள். நெட்டை செய்யவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். யார் செய்தது என்பது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். எனக்காகக் கேட்கவில்லை. இந்த உலகத்தில் அவளை நம்புகிற ஆள் நான் ஒருவன்தான் இருக்கிறேன். அதையும் நீங்கள் பிடுங்கிக்கொண்டால், பாவம், அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?