ஏழாம் எண் வில்லை

ஸ்கூபா முங்கப் போகிறவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது ஐயா. நீங்களும் குடும்பத்தோடு தீவுக்குப் போவதாக இருந்தால் மனதில் வையுங்கள். முங்கும்போது போடும் கண்ணாடியை அங்கே வாடகைக்கு எடுக்காதீர்கள். முகத்துக்குப் பொருந்துவதை இங்கேயே வாங்கிவிடுங்கள். முங்கி ஒரு நாள் முழுசாகக் கழியாமல் விமானம் ஏறாதீர்கள். பதினோரு வருடமாகத் தீவு தீவாகப் போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. கேட்காதவர்களுக்கும் சொல்வேன், என் சுபாவம் அப்படி.

என் தங்கை கணவருக்கும் சொன்னேன். ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் மூன்று முட்டை, ஆறு ரொட்டி, மேலே ஒரு தம்ளர் பால். போதாததற்குப் படகுத்துறையில் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"மச்சான், தண்ணிக்குள்ள மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அவளை வளர்த்தது நான். கல்யாணத்துக்கு முன் செருப்பு வாங்கக்கூட என்னைக் கேட்டுத்தான் வாங்குவாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, வருத்தம்தான். பொய் சொல்லக்கூடாது, நல்ல வருத்தம்.

அந்தப் படகில் ஆளுக்கொரு எண் போட்ட வில்லை கொடுப்பார்கள். இறங்கும்போது பலகையின் இடப்பக்கம் மாட்ட வேண்டும். திரும்பி ஏறியதும் வலப்பக்கம் மாற்ற வேண்டும். இடப்பக்கம் காலியானால்தான் படகு கிளம்பும். இரண்டிரண்டு பேராகத்தான் இறங்கலாம், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. மாப்பிள்ளைக்கு ஜோடி நான். என்னுடையது ஆறு, அவருடையது ஏழு.

கீழே ஆமை ஒன்றைப் பார்த்ததும் அதன் பின்னாலேயே போனார். வேண்டாம் என்று கை காட்டினேன். டாட்டா காட்டிவிட்டுப் போனார். நான் மேலே வந்தேன். ஆறாம் வில்லையை மாற்றினேன். ஏழாம் வில்லையையும் மாற்றினேன்.

வழிகாட்டி பலகையைப் பார்த்துவிட்டு, வழக்கப்படி என்னையும் கேட்டார். "உங்க ஜோடி எங்க சார்?"

"முன்னாடி படுத்திருக்கார். தலை சுத்துதாம். காலைல அவ்வளவு சாப்பிடாதீங்கன்னு சொன்னேன், கேட்டாத்தானே."

அவர் சிரித்தார். படகு கிளம்பியது. கொஞ்ச தூரம் போனபின் திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்தது. கையை ஆட்டினார் என்று நினைக்கிறேன். பதிலுக்கு நான் ஆட்டவில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே.

தங்கை துறையில் துண்டோடு நின்றாள். "அவர் எங்கண்ணா?"

"அடுத்த படகுல வர்றாரும்மா. நீ வா, சாப்பிடலாம்."

சாப்பிட்டோம். தேடப் போகும்போது மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. மூன்றாம் நாள்தான் கிடைத்தார்.

ஒரு தடவை பட்டால் புத்தி வரும் என்று நினைத்தேன் என முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்து நீரோட்டம் ஆளை எங்கே கொண்டுபோகும் என்று முந்தின நாள் அவருக்கு விளக்கியதே நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன்.

நேற்று தங்கை பார்க்க வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வேளைக்குச் சாப்பிடும்மா, நன்றாகத் தூங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் அவர் பழக்கிவிட்ட பழக்கம் ஐயா. அவர் போனபின்னாவது என் பேச்சைக் கேட்பாள் என்றுதானே இவ்வளவும் செய்தேன்.