அட்டைக்கு முதுகைக் காட்டியவர்

இல்லக்கா, எங்கம்மாவுக்குக் கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது. கண்ணு தெரியலன்னு எழுதி, பஸ் ஓட்டுற வேலையைப் புடுங்கிட்டாங்க, அவ்வளவுதான். இன்னியிலேருந்து டிப்போவுல பஸ் கழுவணுமாம். ஸ்டியரிங் பிடிச்ச கையில வாளி!

டாக்டரா? அட, நீங்க வேற! வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாரு, அதோட சரி. சுவத்துல எழுத்து அட்டை தொங்கும்ல, மேல யானை மாதிரி ஒரு எழுத்து, கீழ வரவர எறும்பு மாதிரி? அந்த அட்டைக்கு முதுகைக் காட்டி உக்காந்துதான் ஐயா டெஸ்ட் பண்ணுவாரு. எல்லாம் மனப்பாடமாம், திரும்பிப் பாக்க மாட்டாராம். அவருக்கு மட்டுமா? காத்திருக்குற பெஞ்சும் அதே ரூம்லதான். முன்னாடி போறவங்க படிக்கிறதைக் கேட்டுக் கேட்டு டிரைவருங்க அத்தன பேருக்கும் அது பாட்டாப் போச்சு. ட, ப, ம, யன்னு கேன்டீன்ல தாளம் போட்டே பாடுவாங்க.

இதுல கூரை ஒழுகி அட்டை ஊறிப்போச்சு. கூட்டுற அக்கா அதைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டோர்லேருந்து புதுசை மாட்டிட்டாங்க. எழுத்தெல்லாம் வேற. எவன் கவனிச்சான்? வந்தவங்கல்லாம் பழைய பாட்டையே பாட, இவரு டிக்கு டிக்குன்னு போட்டுத் தள்ளியிருக்காரு. எங்கம்மா மட்டும்தான் பைத்தியக்காரி மாதிரி அட்டையைப் பாத்துப் படிச்சிருக்கு. அடியில பொடிசா இருந்த அச்சகத்துப் பேரு வரைக்கும்! உளறாதம்மான்னு சொல்லி அனுப்பிட்டாரு.

விடுவேனா? காலேஜுக்கு மட்டம் போட்டுட்டுப் போனேன். சார், ஒரே ஒரு தடவை திரும்புங்கன்னேன். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இந்த அட்டை எனக்குத் தெரியும்னாரு. கழட்டி மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அட்டையை மாத்திக் கொண்டாந்து ஏமாத்துறியான்னாரு! சிரிக்காதீங்கக்கா, எனக்கு வயிறு எரியுது. மத்தவங்கல்லாம் சரியாச் சொன்னாங்க, உங்கம்மாவுக்கு மட்டும் எப்படி வேற எழுத்து தெரியும்னு என்னையே கேக்குறாரு. மனப்பாடமாத்தான் சொன்னேன்னு ஒத்துக்குற ஒரு டிரைவரைக் கூட்டிட்டு வா, மறுபடி பாக்குறேன்னாரு.

ஒருத்தர் வாயைத் தெறக்கணுமே! நாலு பேருகிட்ட போனேன். நாலு பேரும் வேட்டியைப் பத்தி, வெயிலைப் பத்திப் பேசுறாங்க.

நானா? எங்கயும் போகலக்கா. இந்த டிரைவரைப் பாக்கத்தான் ஏறினேன். ஆமா, முன்னாடி ஓட்டுறாரே, அவரேதான். அம்மாகூட வேலை பாக்குறவரு, மாமான்னுதான் கூப்பிடுவேன். அவரும் பாட்டு பாடிப் பாஸானவரு. நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்குவேன், நீங்களும் யோசிச்சுக்குங்க.

கேட்டேனே, இப்ப நின்னப்ப. மாமா, அம்மாவுக்காக ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க, அட்டையில இருந்தது உங்களுக்கு நெசமாவே தெரிஞ்சுதான்னு கேட்டேன். கண்ணை இடுக்கிக்கிட்டு யாரும்மா அதுன்னாரு மொதல்ல. குரலைக் கேட்டுக் கண்டுபிடிச்சப்புறம் சிரிச்சாரு. அட்டை கெடக்கட்டும்மா, எனக்கு இந்த ரோடே மனப்பாடம்னாரு.