டொலிடோ கேட்சரின் மேல் ஓரம்

மிர்னா: இந்த பேஸ்பால் கார்டையெல்லாம் நான் ஆட்டக்காரன் மூஞ்சியைப் பாத்துல்ல பிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆர்வில்: மூஞ்சி யாருக்கு வேணும், மிர்னா? நூறு வருஷத்துக்கு முன்னாடி எந்தச் சிகரெட் பாக்கெட்டுக்குள்ள இந்தக் கார்டு கிடந்துச்சு, அதான் கணக்கு. திருப்பிப் பாரு. பின்னால நீல சிகரெட் விளம்பரம் இருந்தா இந்தப் பக்கம். சிவப்பு அந்தப் பக்கம். அந்தக் காபியைத் தள்ளி வை முதல்ல.

மிர்னா: எங்க வீட்டுக்காரர் மாதிரியே கத்தறீங்க. எங்க கல்யாணப் போட்டோவைக் கூட அந்த மனுஷன் இவ்வளவு பத்திரமா வச்சதில்ல.

ஆர்வில்: இருபத்திரண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம என் கடையில வந்து உக்காந்தவன். ஆமா, இன்னிக்கு ஏன் வரல?

மிர்னா: வேலை இருக்கு அவருக்கு. மத்தியானம் கிளம்பறோம்ல. இனிமே அரிசோனாதான், மக வீட்டோட.

ஆர்வில்: எங்கிட்ட சொல்லிக்காமயா போறான்?

மிர்னா: பாக்கலாம்... இது நீலமா?

ஆர்வில்: நீலம்தான். சொல்லிக்காம போற ஆளா அவன்?

மிர்னா: பிரிங்க, ஆர்வில். திங்கக்கிழமை என் மக இதையெல்லாம் பரிசோதனைக்கு அனுப்பறா.

ஆர்வில்: பரிசோதனைக்கா? எதுக்கு?

மிர்னா: எதுக்குன்னா... அசலா, எந்தத் தரம், யாராவது கை வச்சிருக்காங்களான்னு பாத்து, பிளாஸ்டிக் பெட்டியில போட்டு, மேல சீட்டு ஒட்டித் தருவாங்களாமே.

ஆர்வில்: எல்லாத்தையுமா?

மிர்னா: எல்லாத்தையும்தான். ஏன், காத்தாடியைப் போடட்டுமா? வேர்க்குது உங்களுக்கு.

ஆர்வில்: அதெல்லாம் வேணாம். கார்டு பறக்கும்.

மிர்னா: ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஓரத்தை ஒத்துப் பாக்கணும்பாரே அவர்...

ஆர்வில்: எல்லாத்துக்கும் அது வேணாம்.

மிர்னா: இதுக்குப் பாக்கறேன். நம்ம டொலிடோ டீம்ல பந்து பிடிக்கற கேட்சர். அடி ஓரத்தைச் சேத்து வச்சா... மேல பாருங்க, கீழ இருக்கற கார்டு ஒரு மயிரிழை எட்டிப் பாக்குது.

ஆர்வில்: அந்தக் காலத்து மெஷின். முன்னப் பின்ன வெட்டும்.

மிர்னா: மத்த மூணு ஓரமும் பழுப்பா இருக்கு. மேல் ஓரம் மட்டும் வெளுப்பா இருக்கே?

ஆர்வில்: கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு.

மிர்னா: போட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

ஆர்வில்: மிர்னா, இந்த ஒண்ணை மட்டும் இங்க விட்டுட்டுப் போ. இதே கேட்சர், இதே நீலம், இதைவிட நல்லதா ஒண்ணு தேடி அனுப்பறேன்.

மிர்னா: தினம் சாப்பிட்டதும் அவர் எடுத்துப் பாக்கற கார்டு இதுதான். இதைப் போயி விட்டுட்டு வான்னா எப்படி?

ஆர்வில்: தினமுமா...

மிர்னா: சரி, நேரமாச்சு. பெட்டியில போட்டுக்கறேன்.

ஆர்வில்: இரு.

மிர்னா: என்ன?

ஆர்வில்: ஒண்ணுமில்ல... மூடியை அழுத்தி மூடு.

மிர்னா: அப்ப நான் வரேன், ஆர்வில். உடம்பைப் பாத்துக்கங்க.

ஆர்வில்: மிர்னா. உக்காரு. கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு.

மிர்னா: உக்காந்துட்டேன்.

ஆர்வில்: அந்த ஓரத்தை வெட்டுனது நான்தான். இதே மேசை. இரும்பு ஸ்கேலும் புது பிளேடும். மேல ரெண்டு மூலையும் மழுங்கிப் போயிருந்துச்சு. உன் புருஷன் இந்த ஒண்ணைப் பதினோரு வருஷமா தேடிக்கிட்டிருந்தான். ஆனா மூலை மழுங்குன கார்டைக் கையால தொடமாட்டான். கடை தொறந்த புதுசு... இந்த ஊர்ல என்கூட உக்காந்து பேசறதுக்கு அவன் ஒருத்தன்தான். இதைப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டா, அப்புறம் வரவே மாட்டானோன்னு பயம். கூரா வெட்டி, வெட்டினதைச் சொல்லாம வித்துட்டேன்.

மிர்னா: அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?

ஆர்வில்: அடுத்த சனிக்கிழமையே சொல்லத்தான் இருந்தேன். ஒரு பெட்டி டோனட்டோட வந்து நின்னான். அதுக்கடுத்த வாரம் உன் மக காலேஜ்ல சேந்த கதை. அப்படியே தள்ளிப் போயி... பத்து வருஷம் கழிச்சு இதை எந்த வாயால சொல்றது?

மிர்னா: தள்ளிப் போட்டா கஷ்டம்தான்.

ஆர்வில்: வெட்டுன கார்டுன்னு சீட்டு ஒட்டி வரும். பாத்ததும் அவனுக்குப் புரிஞ்சுடும். அதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. என் வாயால சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. இனி அவன் என் மூஞ்சியில முழிக்கமாட்டான்.

மிர்னா: மாட்டாரா?

ஆர்வில்: எப்படி முழிப்பான்? கார்டுல பிளேடு வைக்கறவன் மனுஷனே இல்லம்பான். நானும் கூடச் சேந்து ஆமா ஆமான்னு தலையாட்டுவேன்.

மிர்னா: வாங்கிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலமே அளந்து பாத்துக் கண்டுபிடிச்சுட்டார், ஆர்வில். இந்த வாரம் சொல்லுவான், அடுத்த வாரம் சொல்லுவான்னுதான் இத்தனை சனிக்கிழமையும் வந்து உக்காந்திருந்தார். இன்னிக்கும் நீங்களா வாய் திறக்கலேன்னா, பேசாம பெட்டியை எடுத்துட்டு வா, கிளம்பிடலாம்னு சொல்லித்தான் என்னை உள்ள அனுப்புனார். தெருமுனையில வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்கார். போய்க் கூட்டிட்டு வாங்க.