பதினொரு தலாக்

முதல்ல ஹைதம் பேரை எழுதுங்க ஷேக். அநியாயம் பண்ணினவன் பேருதானே மேல வரணும்? இல்லையா? ஃபத்வா கேட்டு வந்தவன் பேருதான் மேலயா? சரி, உங்க ஆபீசு, உங்க காகிதம். மிஃப்லிஹ்னு எழுதுங்க. அபூ காலிப், காலிப்போட அப்பன்னு சொன்னா இந்த அஜ்லூன் மலை முழுக்கத் தெரியும். இப்ப தலைநகரம் அம்மான் வரைக்கும் தெரியுது, அந்த நாயால.

சரி, சரி, திட்டல. நாய்க்கும் மரியாதை இருக்கு.

ஹைதம் யாரா? வெளியாளா இருந்தாத் தேவலையே. என் மச்சினிச்சி மகன் ஷேக். காலிப் அம்மா, அதான் என் வீட்டுக்காரி, அவளோட கூடப் பொறந்த தங்கச்சி மகன். படிச்சிட்டு வேலை கிடைக்காம சுத்திக்கிட்டு இருந்தான். பாவமேன்னு என் ஆலிவ் எண்ணெய்க் கடையில ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தேன். பெரியப்பா பெரியப்பான்னு உக்காந்து நாள் பூரா போனைத் தேய்ப்பான். இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கண்ணாடிக் கதவு போட்ட கடை. சின்னச் சின்னக் கடைக்காரங்களுக்கு விளம்பரம் பண்ணிக் குடுக்குறானாம். வாசல்ல தொட்டி வச்சு ஒரு செடி, அதுவும் பிளாஸ்டிக்கு. அவன்கிட்ட எதுதான் சொந்தமா வளந்திருக்கு?

விஷயத்துக்குத்தான் வர்றேன். நாலு வருஷம் முன்னாடி, எண்ணெய் சீசன்ல, அம்மான்ல இருந்து ஒரு அம்மா பெரிய கார்ல வந்து இறங்குச்சு. கறுப்புக் கண்ணாடி, கையில பத்து மோதிரம். ரொட்டியைக் கிழிச்சு எண்ணெயில தொட்டுத் தின்னுச்சு. தின்னுட்டு மூஞ்சியைச் சுளிச்சு, ஹாஜி, இது சுத்தமானதுதானான்னு கேட்டுச்சு. யார்கிட்ட? என்கிட்ட! கடை நெறைய ஆளு நிக்குது. எனக்கு எப்படி இருக்கும்? நெஞ்சுல கையை வச்சேன். இதைவிட நல்ல சரக்கு இந்த மலையிலேயே கிடையாது, இருந்தா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்னு சொன்னேன்.

முறைக்காதீங்க ஷேக். தலாக்கை இழுக்காம இந்த ஊர்ல எந்த ஆம்பளை ஒரு நாளைத் தள்ளுறான்? விருந்தாளி இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கலேன்னா தலாக். டீக்கு நான்தான் காசு குடுப்பேன், இல்லேன்னா தலாக். எங்கப்பா கழுதையை நகர்த்துறதுக்கே தலாக் போடுவாரு. எங்கம்மா கூட அம்பது வருஷம் குடித்தனம் நடத்தலையா? அது வாயில வர்ற பேச்சு. மனசுல ஒண்ணும் கிடையாது.

ஆமா, அதைத்தான் இவன் போன்ல புடிச்சிட்டான்.

முதல்ல என் கடைக்குத்தான் விளம்பரமாப் போட்டான், இல்லேங்கல. ஸர்கா பட்டணத்துல இருந்தெல்லாம் வந்தாங்க. தலாக் எண்ணெய்க் கடை எதுன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. அந்த வருஷம் வித்த மாதிரி எந்த வருஷமும் விக்கல. அதுக்கு அவனுக்கு ஒரு டின் எண்ணெய் குடுத்தேனே! அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இந்த ரமலானுக்கு முந்தி, முடி வெட்டுற கடையில உக்காந்திருக்கேன், எல்லாரும் ஒரு போனைச் சுத்தி நின்னு சிரிக்கிறாங்க. பாத்தா என் தாடி, என் குரல், நெஞ்சுல என் கை. ஆனா முன்னால எண்ணெய் டின் இல்ல. டயர்! இதைவிட நல்ல சரக்கு இந்த மலையிலேயே கிடையாதுன்னு டயருக்கு முன்னால நின்னு சத்தியம் பண்றேன்.

அப்புறம் கோழிக் கடை. அப்புறம் கல்யாணத் துணி வாடகைக்கு விடுறவன். தண்ணித் தொட்டி கழுவுறவன். கடைசியா கரப்பான் மருந்து. கரப்பான் மருந்துக்கு நான் பொண்டாட்டியைப் பணயம் வச்சிருக்கேன் ஷேக்! எண்ணெய்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். சரக்குன்னு சொல்லித் தொலைச்சேன். சரக்கு எதுக்கு வேணாலும் பொருந்துதே.

அதுல ஒரு கூத்து பாருங்க. எல்லாத்துலயும் ஓரத்துல ஒரு கை தெரியும். வெள்ளி வளையல் போட்டு, புனலைப் புடிச்ச கை. அது காலிப் அம்மா கை. அன்னிக்கு டின்ல ஊத்திக்கிட்டு இருந்தா. அந்தக் கையை வெட்டி எடுக்கத் தெரியல அந்தத் திறமைசாலிக்கு. டயர் கடையில புனல் எதுக்குடா, காத்து ஊத்துறதுக்கா?

போய்க் கேட்காம இருப்பேனா? போனேன். எழுந்திரிக்கக் கூட இல்ல. பெரியப்பா, இருக்கிறதையே திருப்பித் திருப்பிப் போடுறதுதான் இப்ப தொழில்ங்கிறான். கோழிக் கடைக்காரன் புதுசா படம் எடுக்க எங்க போவான், உங்களை மாதிரி ஒரு மூஞ்சி அவனுக்கு எங்க கிடைக்கும்ங்கிறான். நீங்க ஆடு அறுத்தா தலையை எறியுறீங்களா, குடலை எறியுறீங்களா, அப்படித்தான் இதுவும்னு எனக்குப் பாடம் எடுக்குறான். ஆடு யாருதுடான்னு கேட்டேன். சிரிக்கிறான் ஷேக். பேரு உங்களுக்குத்தானே பெரியப்பாங்கிறான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரல. காப்பி குடிக்கிறீங்களான்னான். மெஷின் காப்பி. நம்ம காப்பிக்குப் போடுற ஏலக்காய் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இவனெல்லாம் ஊருக்கு ருசி சொல்றவன்.

பள்ளிவாசல்ல தலை காட்ட முடியல. தொழுதுட்டு செருப்பைத் தேடுறேன், பின்னால ஒருத்தன், அபூ காலிப், வீட்டுல இன்னும் பொண்டாட்டி மிச்சம் இருக்கா, எங்க கடைக்கும் ஒண்ணு தேவைப்படுதுங்கிறான். அதையாவது தாங்கலாம். என் மச்சான் இருக்காரே, காலிப் அம்மாவோட அண்ணன், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாரு. வேலை வெட்டி கிடையாது. நோட்டுப் போட்டு எண்ணியிருக்காரு. பதினொண்ணு. மூணே போதும் மச்சான், மிச்சம் எட்டு உங்க கையிருப்புல இருக்குன்னு எனக்குப் போன் போட்டுச் சொல்றாரு. ஹைதமுக்குப் போடலாமில்ல அந்தப் போனை? போட மாட்டாரு. அவன் தங்கச்சி மகன், நான் வந்து சேந்தவன்.

காலிப் அம்மா போயிப் பதினேழு நாளாச்சு. அண்ணன் வீட்டுலதான் இருக்கா. மூட்டை கட்டிக்கிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. முப்பத்தி மூணு வருஷம் ஷேக். நான் அவளை ஒரு அடி அடிச்சதில்ல. இப்ப ராத்திரிக்கு நானே முட்டை பொரிச்சுத் தின்னுறேன். அதனாலதான் வந்தேன். அவ இன்னும் எனக்குப் பொண்டாட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.

அவன் வெட்டி ஒட்டினது என் வாய்ச்சொல் இல்ல! அல்ஹம்துலில்லாஹ்! டயரு, கோழி, கரப்பான் எல்லாம் செல்லாது! அதை அப்படியே எழுதி முத்திரை போட்டுக் குடுங்க. என் மச்சான் மூஞ்சி முன்னால விரிச்சுப் புடிக்கிறேன். கணக்கு வாத்தியாரு கழிக்கவும் கத்துக்கட்டும்.

ஒண்ணு மிஞ்சுதா? எந்த ஒண்ணு?

ஓ. முதல் ஒண்ணு.

அது நான் சொன்னதுதான். சும்மா கோவத்துல. எண்ணத்துல தலாக் இல்லேன்னு அப்பவே சொன்னேனே. அது வேற கேள்வியா? சொன்ன விஷயம் உண்மையா பொய்யான்னா... உண்மைன்னா உண்மைதான், வியாபாரத்துல சொல்றது. நாலு வருஷம் முன்னாடி தானே. ஆமா, நாலு. நீங்க எந்த ஊரு ஷேக்? அன்ஜராவா? அட, நம்ம பக்கமா? அப்ப உங்க வீட்டுலயும் ஆலிவ் மரம் இருக்கும்.

ம்.

ஆமா, அந்த வருஷம் யாருக்கும் காய்க்கலதான். பூ விட்ட நேரத்துல அனல் காத்து அடிச்சுது, எல்லாம் கொட்டிப் போச்சு. உங்களுக்கு எத்தனை டின் வந்துச்சு? ஒண்ணேதானா? எங்களுக்கு ரெண்டு வந்துச்சு.

பின்ன என்ன, கடையைப் பூட்டிட்டுப் படுக்க முடியுமா? லாரியில வந்துச்சு, வாங்கினேன். எங்க எடுத்ததுன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. அதுல நம்ம பழைய எண்ணெய் கொஞ்சம், சூரியகாந்தி கொஞ்சம். காலிப் அம்மாதான் புனலை வச்சு ஊத்தினா. அந்த அம்மா சுத்தமானதான்னு கேட்டப்ப அவ கையை நிறுத்தல, ஆனா தலையைத் தூக்கி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அதான் எண்ணெய்னு சொல்ல வாய் கொஞ்சம் கூசுச்சு. சரக்குன்னு சொல்லிட்டேன். சரக்குன்னா எதுவா வேணாலும் இருக்கலாமேன்னு.

ஒண்ணு மிஞ்சுதுன்னு நீங்க சொன்னீங்களே, அவளும் இதையேதான் சொல்றா. அண்ணன் நோட்டையெல்லாம் அவ கண்டுக்கல. பத்து ஹைதம் சொன்னது, அது எனக்கு வேண்டாம், ஒண்ணு நீங்க சொன்னது, அதுக்கு என் கை சாட்சின்னா. ஒவ்வொரு விளம்பரத்துலயும் அந்தக் கையைப் பாத்து எனக்கே வெக்கமா இருக்குன்னா. போகும்போது வளையலைக் கழட்டி அந்தப் புனல் மேல மாட்டிட்டுப் போனா. இன்னும் அங்கதான் தொங்குது. நான் எடுக்கல.

எழுதிட்டீங்களா? எல்லாத்தையுமா? சூரியகாந்தியையுமா?

சரி, எழுதினது எழுதினதா இருக்கட்டும். பேனாவை மூடாதீங்க, அதுக்குக் கீழ இதையும் ஒரு வரி எழுதுங்க. ஹைதம் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கல.