கிணத்துத் தண்ணிக்கு என்ன கொறச்சல்?

...பூட்ஸையெல்லாம் கழட்டாத தம்பி, அப்படியே வா. தரை லட்சணத்தப் பாத்தல்ல? நான் கூட்டினது. எங்க வீட்டு அம்மணிதான் சட்டசபைக்கு நிக்கிறாங்களே! ‘சுத்தமான ஓடை, சுத்தமான தண்ணி, மார்லிஸுக்கே ஓட்டு’... வாசல்ல பலகையப் பாத்திருப்ப. பக்கத்துலயே, அவள எதுத்து நிக்கிற கர்ட் ஹாவர்சனுக்கு ஒரு பலகை நிக்குதே, அது நான் நட்டது. ஒரே புல்தரையில பொண்டாட்டி ஒரு கட்சி, புருஷன் ஒரு கட்சி. ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திப் போட்டோ புடிக்கிறான். அயோவாவுல வேற வேடிக்கையே இல்ல பாரு.

நாய் கடிக்காது. அதுவும் அவ கட்சிதான்.

சமையலா? அட நீ வேற! சர்ச் பொம்பளைங்க ஆளுக்கொரு நாள் கேசரோல்னு ஒரு தட்டு சாப்பாட்ட அடுப்புல வேகவெச்சுக் கொண்டாந்து வெச்சுட்டு, என் கையப் புடிச்சு ‘தைரியமா இருங்க டுவெய்ன்’ங்கிறாங்க. பொண்டாட்டிய அடக்கம் பண்ணிட்டு வந்தவன்கிட்ட பேசுற மாதிரி! அவ அங்க மேடை ஏறி, ‘எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனா அவரோட ரெண்டாயிரம் பன்னியோட கழிவு மழையில எங்க போவுதுன்னு கேளுங்க’ங்கிறா. நல்ல மனுஷனாம்! நடுவுல ஒரு ‘ஆனா’ போட்டா போச்சா?

நீ வேலையப் பாரு, நான் பேசிட்டே இருக்கேன். கொழாய் சிங்க்குக்குக் கீழதான். என்ன, ஏதோ சொல்லணுமா? அப்புறம் சொல்லலாம் இரு, மொதல்ல இதக் கேளு.

பிப்ரவரியில மக கைக்கொழந்தையோட வந்திருந்தா. நர்ஸம்மா கிணத்துத் தண்ணிய சோதன பண்ணிட்டு, நைட்ரேட் ஏறிக் கெடக்கு, பச்சப்புள்ளைக்குப் பால் கலக்க ஆகாதுன்னுட்டா. மார்லிஸ் எங்கிட்ட வந்தா. ஓடைக்கரை நிலத்துல மட்டும் இந்த வருசம் பன்னி எருவ அடிக்காதீங்கன்னு கேட்டா. கெஞ்சினான்னே வெச்சுக்கோ. டிவியில பாஸ்கெட்பால் ஓடுது, நான் திரும்பிக்கூடப் பாக்கல. ‘அம்புட்டு அக்கறையா இருந்தா சட்டசபைக்குப் போயி ஒரு சட்டம் போடு, போ!’ன்னேன்.

போயிட்டாப்பா! மறுநாளே போயி பேரு குடுத்துட்டா!

சரி, நான் சும்மா விடுவனா? போன மாசம் அவ தேர்தல் கூட்டத்துல எந்திரிச்சு நின்னேன். ‘முப்பது வருசமா எங்க கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறேன், இன்னைக்குக் காலையில கூட குடிச்சேன், எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?’ன்னேன். கைதட்டல்னா கைதட்டல்! கர்ட் அத அப்படியே ரேடியோ விளம்பரத்துல போட்டுட்டான், என் கொரல்லயே. மார்லிஸ் மேடையில வாயே தொறக்கல. குனிஞ்சு கண்ணாடியத் துடைச்சிட்டிருந்தா. சரி, மடக்கிட்டோம்னு நெனச்சேன்.

அப்புறம் போன வாரம் கர்ட் நன்றி சொல்ல வந்தான். இதே மேஜைதான். ஒரு கிளாஸ் தண்ணி வெச்சேன். பேசுறான், சிரிக்கிறான், முதுகுல தட்டுறான்... கிளாஸ மட்டும் தொடல. கெளம்பிப் போயி வண்டியில இருந்த பாட்டில எடுத்து மடக்கு மடக்குன்னு குடிக்கிறான்! சன்னல் வழியா நான் பாத்துட்டு நிக்கிறேன்! என் தண்ணிய ஊர் பூரா வித்தவன் தம்பி அவன்!

அன்னைலேருந்து எனக்குத் தொண்டையில எறங்கல. அடுத்த மாசம் பேத்தி வேற வர்றா. அதான் ஒரு ஃபில்டர் மாட்டிருவோம்னு ஒன்னக் கூப்புட்டேன். ஊருக்குத் தெரியக் கூடாது. மார்லிஸுக்குத் தெரியவே கூடாது...

என்ன, தலைய உள்ள விட்டுட்டு அப்படியே இருக்க?

ஏற்கெனவே இருக்கா? என்ன இருக்கு? தள்ளு, நான் பாக்குறேன்... அடேய், ஃபில்டர்! இத யாரு மாட்டினது?

நீயா!

மார்ச்லயா? அவளா கூப்புட்டா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன... ஆமா, நான் எங்க பேச விட்டேன்.

அப்ப நான் கூட்டத்துல எந்திரிச்சு... அன்னைக்குக் காலையில குடிச்சது... இந்த ஃபில்டர் தண்ணியா?

அவளுக்குத் தெரியுமேப்பா! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத்தக் கூட்டமும் என்னப் பாத்து சிரிச்சிருக்கும். அங்கயே செயிச்சிருப்பா. ஏன் சொல்லல? என்ன விடு, அந்த கர்ட் பய... தொடாமப் போனானே, அது நல்ல தண்ணி!

செவ்வாக்கெழம ஓட்டு. இப்ப ரேடியோவப் போட்டாலும் நான்தான் கத்திட்டிருப்பேன். என்ன எதுத்து நானே போயி எப்படிப் பேசுறது? ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, தப்பாச் சொல்லிட்டேன், நிறுத்துங்கன்னா நிறுத்துவானா? இல்ல, நேர்ல போகணுமா? நீ என்ன சொல்ற?

தம்பி?

வண்டிய எடுத்துட்டானா... அட, இவனும் அவள மாதிரியே ஒரு வார்த்த பேசாமப் போறானே.