பதினான்காம் பக்கத்தில் இருந்த பதினொரு பேர்

மேடையில் வீற்றிருக்கும் சுற்றுலாக் குழுத் தலைவர் அவர்களே, விடுதி உரிமையாளர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊர்மக்களே, வணக்கம்.

நான் நம் தகவல் மையத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். பேசிப் பழக்கமில்லை. பேசுவதற்கென்றே எங்களிடம் ஒருவர் இருந்தார். அந்தக் குரலுக்காக ‘மைக் அக்கா’ என்று நாம் அழைத்த வழிகாட்டி. அவரைப் பற்றிப் பேச இன்று நமக்கு ஒலிபெருக்கி தேவைப்படுகிறது.

உப்புக் கப்பல்கள் வந்து நின்ற பழைய துறை, கூரை இடிந்த கிடங்கு, நூற்றுப் பன்னிரண்டு படிகள் கொண்ட கலங்கரை விளக்கம். இருபத்தாறு ஆண்டுகள் இவற்றைச் சுற்றிக் காட்டினார். “ஏறினா காத்து இலவசம். இறங்க முடியலன்னா நான் பொறுப்பில்லப்பா” என்பார். சிரிக்காமல் ஏறியவர் உண்டா?

பிறைபோல் வளைந்த அந்தக் குடாவுக்கு வந்தால் மட்டும் அக்கா சிரிக்க மாட்டார். நம் ஊரிலேயே அழகான இடம் அது. காலடியில் மணலோடு ஆளை இழுப்பதும் அதுதான். அங்கே மூழ்கிப் போன பதினொரு பேரைப் பற்றி, ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதினார். பந்தை எடுக்க இறங்கிய ஆசிரியை. கல்யாணமான ஒன்பதாம் நாள் வந்த தச்சர். முதல் வரியில், அக்காவின் சொந்தத் தம்பி.

தலைவர் அவர்களே, அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “சொந்தத் துக்கத்தை எல்லாம் புத்தகத்துல ஏத்தாதீங்கம்மா. வர்றவங்க ஓடிப்போயிடுவாங்க.”

“தண்ணி ஆள் பார்த்தா இழுக்குது, தலைவரே?” என்றார் அக்கா.

அந்தப் பக்கத்தை எடுத்தது யார்? நான்! அங்கே குடாவின் வண்ணப்படத்தை வைத்ததும் நான்தான். “அடுத்த பதிப்புல போட்டுக்கலாம்க்கா” என்றேன்.

“அதுவரைக்கும் யாரும் குளிக்காம இருப்பாங்களாடி?”

புத்தகத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாலைதோறும், குச்சியில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு குடாவில் நின்று கத்தினார். “அந்தம்மா கத்தல் தாங்கல” என்று விடுதிகளிலிருந்து எத்தனை புகார்கள்! போன மாதம், நின்ற இடத்திலேயே மாரடைத்து விழுந்தார்.

இன்று இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. அந்தப் பக்கம் இதிலும் இல்லை. தன் பெயரே வேண்டாம் என்றவரின் முகம் மட்டும் அட்டையில் இருக்கிறது! இதற்குப் பெயர் மரியாதையா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் உறுதி கூறினார்கள். நான் நேற்றே தொடங்கிவிட்டேன். வாசலில் உங்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தைச் சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். என் வேலை போகலாம், போகட்டும். சிவப்புத் துண்டு என்னிடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் குடாவில் இருப்பேன். என் குரல் சின்னது. யாராவது கூட வாருங்கள்.

அடுத்து, எழுந்து மௌனமாக நிற்கச் சொல்வார்கள். வேண்டாம். இத்தனை நாள் மௌனமாக இருந்தது போதும். பதினான்காம் பக்கத்தைத் திறவுங்கள். தலைவர் அவர்களே, முதல் வரியை நீங்கள் படியுங்கள். சத்தமாக.